இறங்கிய கோடு

தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் செய்த காரியம், மேசை மேலிருந்த ஜாம் பாட்டிலை எடுத்து, மூடியை ஒருமுறை இறுக்கிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடியைப் பார்த்ததுதான். கண்ணாடி ஆலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, பாட்டில் என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அடியில் எந்த ஆலையின் முத்திரை, எந்த அச்சின் எண் என்று தெரிந்தால்தான் அடுத்த வாய் உள்ளே இறங்கும். ஒரு தடவை மூடியைச் சரிபார்க்க மறந்து அக்காவின் புது மேசைவிரிப்பில் கால் லிட்டர் எண்ணெயைக் கொட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதற்குப் பிறகு மூடியை இறுக்குவதும் பழக்கத்தில் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு அவன் வந்தது கண் ஆஸ்பத்திரிக்கு. இருபத்து நான்கு வருடமாக உலையின் வாயை எட்டிப் பார்த்த கண். வலதில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆலையிலிருந்து அக்கா இருக்கும் நகரத்துக்கு பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். இப்படி ஏதாவது சாக்கு கிடைத்தால்தான் வருவான். வந்தால் அக்கா கையால் சாப்பிடாமல் போகமாட்டான். பாட்டிலை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான்.

"இது எங்களுது இல்லக்கா."

"உளறாதே. இந்த ஜாம்காரங்க உங்க கம்பெனிலதான் பாட்டில் வாங்குறாங்க. என் பட்டியல்லயே இருக்கு."

"கம்பெனி எங்களுதுதான். பாட்டில் எங்களுது இல்ல. எங்க முத்திரைன்னா வட்டத்துக்குள்ள ரெண்டு கோடு இருக்கும். இது முக்கோணம். மலைக்கு அந்தப் பக்கம் ஊதுறாங்க. லாரில வந்து எங்க கிடங்குல எறங்கும், எங்க அட்டைப்பெட்டிக்குள்ள ஏறி வெளிய போகும்."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது உலைய நிறுத்தினதுலேருந்துதான். எட்டு வருஷம் ஆச்சே." அவன் பாட்டிலை நேராக வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஒரு உலை ரெண்டு உலை வேலையப் பாக்குதுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தம்பி சிரித்தான். "நான் வேணா ரெண்டு ஆள் சாப்பாட்டச் சாப்பிடுவேன். உலைக்கு வயிறு அவ்வளவுதான்கா. ஒரு நாளைக்கு நூத்திப்பத்து டன். அதுக்கு மேல ஒரு பிடி மணல் போட்டாலும் சரியா உருகாது."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலை பார்ப்பது வட்டாரப் புள்ளிவிவர அலுவலகத்தில். இந்த வட்டாரம் ஒரு வருடத்தில் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது, போன வருடத்தைவிட ஏறியதா இறங்கியதா, ஏறினாலும் இறங்கினாலும் ஏன் என்று சொல்வதுதான் அவள் பொறுப்பு. எவ்வளவு என்று சொல்வதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை; ஏன் என்று சொல்வதில்தான் உயிர் போகும். அதற்கு அவளிடம் நான்கு கேள்விகள் உண்டு. எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆளுக்கு எவ்வளவு சரக்கு உண்டாகிறது? அந்தச் சரக்குக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது? அந்த எரிபொருள் எவ்வளவு புகை கக்குகிறது? பத்து வருட மாற்றத்தை இந்த நான்குக்கும் பிரித்துப் பங்கு போட்டு, நான்கு நிறத்தில் படம் வரைந்து, கடைசிப் புள்ளிவரை சரிபார்த்து மேலே அனுப்புவாள். எதையும் முழு எண்ணாக்கிச் சொல்ல மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் தசமம் என்று பெயர். அது அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் படத்தில் மூன்றாவது கேள்வியின் நிறம் பச்சை. ஆட்கள் கூடியிருக்கிறார்கள், சம்பாத்தியம் கூடியிருக்கிறது, ஆனாலும் வட்டாரத்தின் மொத்தப் புகைக் கோடு பத்து வருடத்தில் பதினெட்டு புள்ளி நான்கு சதவீதம் இறங்கியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் பச்சைதான்: ஆலைகள் குறைந்த எரிபொருளில் அதே அளவு சரக்கைச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். அதில் கண்ணாடி ஆலையின் பங்கு மிகப் பெரியது. மேலிடத்தில் அந்தப் பச்சையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள்.

சரக்கின் அளவை அவள் எதில் அளந்தாள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். எல்லா ஆலைகளையும் ஒரே தராசில் வைக்கவேண்டுமே என்று, பத்து வருடத்துக்கு முன்னால் அவளே யோசித்து, எடைக்குப் பதிலாக விற்பனை மதிப்பை எடுத்துக்கொண்டாள். காகிதத்தையும் கூரை ஓடுகளையும் பாட்டிலையும் கிலோவில் ஒப்பிட முடியாது என்பது அப்போது சரியாகத்தான் பட்டது. கண்ணாடி ஆலை விற்பனை குறையவே இல்லை. எரிவாயு மட்டும் பாதியானது. வாங்கி விற்கும் பாட்டிலும் தானே ஊதி விற்கும் பாட்டிலும் விற்பனைப் பத்தியில் ஒன்றுதான்.

"அப்பவே ஏன்டா என்கிட்ட சொல்லல?"

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "சொன்னேனே. ரெண்டாவது உலைய நிறுத்திட்டாங்கன்னு சொன்னேன். அடுத்த வருஷம் நீ போன் பண்ணி, உங்க ஆலைதான் மொத வரிசைல வந்திருக்கு, சர்டிபிகேட் வரும்னு சந்தோஷமாச் சொன்ன. சரிக்கான்னேன். படிச்சவங்க, வேற ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சேன்."

அந்த போன் அக்காவுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவன் குரல் அடங்கியிருந்ததும், சளி பிடித்திருக்கிறதா என்று தான் கேட்டதும்கூட நினைவுக்கு வந்தது. உலையை நிறுத்திய வாரத்திலேயே அவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிக்கனத்துக்கான சான்றிதழ் இன்னும் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்குகிறதாம். அதற்குக் கீழே உட்கார்ந்தால் சாப்பாடு குறையும் என்று ஆட்கள் கேலி செய்வார்களாம். தம்பி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அக்காவுக்கு வெட்கத்தில் காது சூடானது.

கை கழுவிவிட்டு வந்தபிறகுதான் அவன் அடுத்ததையும் சொன்னான், அதுவும் செருப்பைப் போட்டுக்கொண்டே. இருக்கிற ஒரே உலைக்கு வயது முடிந்துவிட்டது. கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்தால் நடுவில் அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கும் குழம்பு பாறையாகிவிடும். பதினான்கு வருடம் ஓடவேண்டியது, பதினாறு வருடம் ஓடிவிட்டது. சுவர் தேய்ந்து, வெளியிலிருந்து காற்றடித்துக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் இருபதாம் தேதி குழம்பை வடித்துவிட்டு உலையை அணைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு அதே இடத்தில் மின்சாரத்தில் உருக்கும் உலை கட்டலாம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வட்டார நிர்வாகம் பணம் தந்து கைகொடுத்தால் கட்டுவார்களாம். இல்லாவிட்டால் மொத்த ஆலையும் கிடங்காகிவிடும். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும்.

"கை கொடுக்க மாட்டாங்கக்கா. முப்பத்தோரு ஆலை கேட்டிருக்கு, எங்களுது முப்பத்தொண்ணாவது. ஏற்கெனவே நல்லா சிக்கனமாயிட்டோமாம், எங்களுக்கு எதுக்குன்னு எழுதியிருக்காங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பு வாரை மாட்டினான். "உன்மேல தப்பில்ல. நான் சும்மா சொன்னேன்."

சும்மா சொல்கிறவன் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, சாப்பிட்டு முடித்து, வாசலில் வைத்துச் சொல்ல மாட்டான். அது அவளுக்குத் தெரியாதா.

மறுநாள் அலுவலகத்தில் அவள் முதலில் தேடியது மணலை. பாட்டிலின் எடை அவளிடம் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு மணல் வேண்டும், மணல் குவாரியின் எடைமேடைச் சீட்டு ஒவ்வொரு லாரிக்கும் உண்டு, அந்தச் சீட்டுகளின் தொகுப்பு அவள் நாற்காலிக்குப் பின்னாலிருக்கும் அலமாரியிலேயே பத்து வருடமாக இருந்தது. சுரங்கப் பிரிவுக்கான அட்டவணை அது. ஆலைப் பிரிவுக்காரி அதைத் திறந்து பார்க்கத் தேவை வந்ததில்லை. திறந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் மணல் பாதியாகியிருந்தது. எரிவாயுவும் அதே வருடம் பாதி. ஒரு டன் கண்ணாடிக்கு எவ்வளவு எரிவாயு என்று வகுத்தாள். வந்த எண் பத்து வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தது. உலை கிழடாகிவிட்டதே, கூடத்தான் செய்யும்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து காகித ஆலையை எடுத்தாள். அங்கேயும் மரக்கூழ் செய்வதை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து கூழ் வாங்குகிறார்கள். கூரை ஓடு செய்யும் ஆலையில் சூளை இல்லை, பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. நான்கு நாட்கள் மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் எடையில் மாற்றிப் போட்டாள். கோடு என்னவோ இறங்கத்தான் செய்தது, அதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதினெட்டு புள்ளி நான்கு சதவீதத்தில் நான்கு புள்ளி ஒன்று மட்டும்தான் இந்த வட்டாரம் தன் சமர்த்தால் குறைத்தது. மற்றது அத்தனையும் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோயிருக்கிறது. அங்கே எரிப்பது நிலக்கரி. அங்கே ஊதிய பாட்டில் மலையேறி லாரியில் வருவதையும் சேர்த்துப் பார்த்தால், அவள் வீட்டு ஜாம் பாட்டில் முன்னைவிட ஒன்றரை மடங்கு புகையைக் குடித்துவிட்டு வந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பத்து வருட அறிக்கை ஒன்பது நாளில் வெளிவரப் போகிறது. அட்டைப்படம்கூட அச்சாகிவிட்டது, பச்சை நிறத்தில். யாரும் மணல் சீட்டைத் தேடப்போவதில்லை. வாயைத் திறந்தால் அவள் பெயர் கெடும், அலுவலகத்தின் பெயர் கெடும். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது: தம்பிக்காகக் கணக்கை மாற்றினாள் என்பார்கள். சொன்னது உண்மை என்பதை யார் யோசிக்கப் போகிறார்கள். இத்தனை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்ததெல்லாம் ஒரே நாளில், ஒரே பேச்சில், அக்காவும் தம்பியும் கூட்டு என்று முடிந்துபோகும். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி இதை நினைத்தபோது அழுகை முட்டியது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

இயக்குநர் அவளைவிட ஆறு வயது இளையவர். கெட்டவர் இல்லை, யார் வந்து எதைச் சொன்னாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றில் பச்சைப் பட்டை பாதிப் பக்கத்துக்கு இருந்தது. மற்றதில் அது நகக்கணு அளவுக்குச் சுருங்கி, புதிதாக ஒரு சாம்பல் பட்டை வந்திருந்தது. அதற்கு அக்கா 'வெளியேறிய உற்பத்தி' என்று பெயர் கொடுத்திருந்தாள்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஆலைல இருக்கிற எல்லாருக்கும் தெரியும் மேடம். நமக்கு மட்டும்தான் தெரியல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருஷம் நாம தப்பா சொல்லிட்டோம்னு இப்ப நானே மேல போய்ச் சொல்லணும். அதானே?"

"நான் தப்பா சொன்னேன் மேடம். முறைய வகுத்தது நான்தான்."

"உங்க தம்பி அந்தக் கண்ணாடி ஆலைலதானே இருக்கார்?" குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. "நான் கேக்காட்டி வேற யாராவது கேப்பாங்க. என்ன பதில் சொல்லப்போறீங்க?"

அக்கா தன் தாளைத் திரும்ப வாங்கினாள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில், நின்றபடியே எழுதினாள்: 'என் உடன்பிறந்த தம்பி இந்த ஆலையில் உலைப் பிரிவில் வேலை செய்கிறார். பிழையை முதலில் சுட்டிக்காட்டியவர் அவர். மணல் எடைச் சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்க்கலாம்.' முடித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

"வச்சுட்டுப் போங்க," என்றார் இயக்குநர். அவள் கதவுவரை போனதும், "உக்காந்தாவது எழுதியிருக்கலாம்ல," என்று சொன்னார். பேனாவை அவர் இன்னும் கையில் எடுக்கவில்லை.

அறிக்கை குறித்த நாளில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவுமில்லை. அட்டைகள் கட்டுக்கட்டாக வராந்தாவில் கிடந்தன. உடன் வேலை செய்கிறவர்கள் அவளிடம் பேசும்போது சொற்களைப் பொறுக்கியெடுத்துப் பேசினார்கள். ஒருத்தி மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க மாமா அந்த ஓட்டு ஆலைலதான் இருந்தார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்தோரு ஆலைகளின் பட்டியல் மறுபரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அது எதற்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. அதற்குள் இருபதாம் தேதி வந்துவிட்டது. தேய்ந்த சுவர் எந்த முடிவுக்கும் காத்திருக்காது.

அன்றைக்கு அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். இருபத்து நான்கு வருடத்தில் ஆலைக்குள்ளே அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தம்பி அவளுக்குத் தலைக்கவசம் மாட்டி, கையில் ஒரு நீலக் கண்ணாடிச் சில்லைக் கொடுத்து, உலையின் பக்கச் சுவரிலிருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னான். பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காய்ந்தது. உள்ளே ஒன்றுமே அசையவில்லை. அகலமான ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இந்த வெளிச்சத்தைத்தான் அவள் பத்து வருடமாக ஒரு கட்டத்துக்குள் எண்ணாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு டிகிரி என்று அவளுக்குத் தெரியும். அது என்னவென்று தெரியாமல்தான் இருந்திருக்கிறாள்.

காலை ஒன்பது மணிக்கு அடித்தளத்தில் துளையைத் திறந்தார்கள். குழம்பு முதலில் விரல் பருமனில் தயங்கித் தயங்கி வந்தது, பிறகு தொடை பருமனுக்குத் தடித்து, இரும்புச் சரிவில் இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் அலறியது. ஆவியில் எதிரே நிற்பவர் தெரியவில்லை. தண்ணீரில் பட்ட கண்ணாடி பொரிந்து, பழுப்புச் சர்க்கரை போலப் பொடிப்பொடியாகி அடியில் தங்கியது. அதை ஒரு வாரி இயந்திரம் அள்ளி அள்ளிக் கரையில் போட்டது. வெளியே முற்றத்தில் காயலான் கடைக்காரரின் லாரி, உடைசலை ஏற்றிக்கொண்டு போவதற்காக எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. மொத்தத்தையும் அவருக்குக் கொடுத்துவிடும்படி ஆபீஸிலிருந்து சீட்டு வந்திருந்தது.

வாரி இயந்திரத்தை ஓட்டியவர் முதல் குவியலை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் திரும்பினார். தம்பி நடுவில் போய் நின்றான்.

"ஷெட்டுக்குப் போங்கண்ணே."

"லாரி நிக்குதேப்பா."

"நிக்கட்டும். ஷெட்டுல கொட்டுங்க. தார்பாய் விரிச்சிருக்கேன்."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

ஓட்டுநர் அவனையும் ஆபீஸ் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். வாரியின் பல்லிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சக்கரத்தை ஷெட் பக்கம் வளைத்தார்.

அக்கா ஒன்றும் புரியாமல் தம்பியின் கையைப் பிடித்தாள். "என்னடா பண்றே? எதுக்கு இது?"

"புது உலைய மொத மொதலா ரொப்பறதுக்கு வெறும் மணல் ஆகாதுக்கா. உடைசல்தான் போடணும், மணலவிடச் சீக்கிரம் உருகும். அதுவும் இதே நிறத்துல இருக்கணும். இத லாரில ஏத்திட்டா அப்புறம் எங்க போய்த் தேடறது?" அவன் நல்ல கண்ணால் அவளைப் பார்த்தான். "ஏன், புது உலை கிடையாதுன்னு பதில் வந்துடுச்சா உனக்கு?"

"இல்லடா. எனக்கு ஒண்ணும் வரல."

"எனக்கும் வரல," என்று சொல்லிவிட்டு அவன் தார்பாயின் நுனியை இழுத்துச் சரிசெய்யப் போனான். அவளும் பின்னால் போய் மறுநுனியைப் பிடித்தாள்.

இயந்திரம் வாரியைக் கவிழ்த்தது. உடைசல் சரிந்து விழுந்து, ஆவி விட்டபடி சின்ன மேடாகி நின்றது. ஆபீஸ் ஜன்னலில் யாரோ எழுந்து நின்று பார்ப்பது தெரிந்தது; வெளியே யாரும் வரவில்லை. முற்றத்தில் லாரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியபிறகுதான் கேட்டது: இன்னும் சூடு ஆறாத கண்ணாடி, மேட்டுக்கு உள்ளே எங்கேயோ, ஒவ்வொன்றாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது குவியலோடு இயந்திரம் ஷெட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.